தகரத்திற் செய்த கதிர்த் துப்பாக்கிகள்

பழம்பொருள் சேகரித்தல் என்றதும் நாணயம், முத்திரை, ஓலைச்சுவடி, செப்புத் திருமேனி ஆகியவையே பலர் நினைவில் எழும். ஒரு பொருள் அரும்பொருளாகப் போற்றப்பட வேண்டுமாயின் அது விலையுயர்ந்த உலோகத்தாலானதாகவோ, பெருங் கலைஞன் கைப்பட்டதாகவோ இருத்தல் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதற்கு, மேலைநாடுகளிலே சிலர் அரிதிற் பேணிவரும் ஒருவகை விளையாட்டுப் பொருள் சான்றாகும். உருக்குத் தகட்டாலும் மெல்லிய தகரத்தாலும் செய்யப்பட்டு, சில்லறைக் காசுக்குச் சிறுவர் கையிற் கொடுக்கப்பட்ட கதிர்த் துப்பாக்கிகளே அவை.

கதிர்த் துப்பாக்கி என்பது யாது? குண்டையோ சன்னத்தையோ வெளியே செலுத்தாமல், கதிரொன்றைப் பாய்ச்சி எதிர்ப்பொருளைத் தகர்ப்பதாகக் கதைகளிற் கூறப்படும் கருவியே அது. இக்கற்பனை வெறும் மாயாசாலக் கதைகளிலிருந்து பிறந்ததன்று. 1895ஆம் ஆண்டில் ஜேர்மனியில் றொன்ற்ஜன் என்பார் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். 1898ஆம் ஆண்டில் கியூரி தம்பதிகள் இரேடியத்தைக் கண்டறிந்தனர். தசையை ஊடுருவி எலும்பைக் காட்டும் கதிர் உண்டென்று அறிந்த மக்கள், இன்னும் எத்தகைய கதிர்கள் மறைந்து கிடக்கின்றனவோ என வியந்தனர், அஞ்சவுஞ் செய்தனர். அதே 1898இல் நூலுருப் பெற்ற எச். ஜி. வெல்ஸின் 'உலகங்களின் போர்' என்னும் நாவலிலே, செவ்வாய்க் கிரகத்தார் வெப்பக் கதிர் கொண்டு இங்கிலாந்தை எரிக்கின்றனர். அங்கே கதிர் பகைவனின் ஆயுதம். முப்பது ஆண்டுகள் கழிந்தபின் அது வீரனின் கைக்கு மாறியது.

1928ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 'அமேசிங் ஸ்ரோரீஸ்' என்னும் அமெரிக்கச் சஞ்சிகையில் பிலிப் நோலன் எழுதிய கதையொன்று வெளிவந்தது. அதன் நாயகனாகிய றொஜர்ஸ், சுரங்கத்து வாயுவினால் மயங்கி, ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் உறங்கி, இருபத்தைந்தாம் நூற்றாண்டிலே கண் விழிக்கிறான். 1929ஆம் ஆண்டு சனவரியில் பக் றொஜர்ஸ் என்னும் பெயருடன் அவன் பத்திரிகைச் சித்திரக் கதையில் தோன்றினான். 1932இல் வானொலி நாடகத்திலும் புகுந்தான். சித்திரத்தில் உருவைக் கண்டு, வானொலியில் ஓசையைக் கேட்ட சிறுவர், அவனது ஆயுதத்தைத் தாமும் கையிற் பிடிக்க விரும்பியதில் வியப்பில்லை.

அவ்விருப்பத்தை நிறைவேற்ற முன்வந்தது மிச்சிகன் மாநிலத்துப் பிளிமத் என்னும் ஊரிலிருந்த டெய்சி கொம்பனி. தொடக்கத்திற் காற்றாலைகளைச் செய்து, பின்னர்க் காற்றுத் துப்பாக்கி செய்வதிற் பெயர்பெற்ற நிறுவனம் அது. 1934ஆம் ஆண்டில் 'எக்ஸ் இசட் 31' என்னும் றொக்கற் கைத்துப்பாக்கியை அது வெளியிட்டது. உருக்குத் தகட்டை அச்சில் அழுத்திச் செய்யப்பட்ட அப்பொருளின் விலை ஐம்பது சதம். விசையை அழுத்தினால் ஓசை எழும். வெளியே எதுவும் பாயாது. கதிரைச் சிறுவனின் மனமே பாய்ச்ச வேண்டும். ஐவரில் ஒருவருக்குத் தொழிலில்லாத பொருளாதார மந்த காலம் அது. அக்காலத்தில் ஐம்பது சதம் சிறு தொகையன்று. எனினும் நியூ யோர்க் நகரத்துப் பேரங்காடியில் அதனை வாங்குவதற்கு மக்கள் நிரையாக நின்றனர்.

வெற்றி கண்ட கொம்பனி ஆண்டுதோறும் புதிய வடிவங்களை வெளியிட்டது. 1935இல் அளவிற் சிறிய 'எக்ஸ் இசட் 35' வந்தது. அதே ஆண்டில் வந்த 'எக்ஸ் இசட் 38', தகர்ப்புத் துப்பாக்கி எனப் பெயர்பெற்றது. செப்பு நிறங் கொண்ட அதனுள்ளே சக்கிமுக்கிக் கல்லொன்று உராய, மேற்புறத்துச் சிறு சாளரத்தினூடாகத் தீப்பொறி தெரியும். 1936இல் வந்த 'எக்ஸ் இசட் 44', திரவ ஹீலியம் என்னும் பெரும் பெயரைத் தாங்கியதாயினும், பீச்சியது வெறுந் தண்ணீரையே. மற்றொருபுறம், 1934இல் தொடங்கிய 'பிளாஷ் கோர்டன்' என்னும் சித்திரக் கதையின் பெயரால் லூயி மார்க்ஸ் கொம்பனியும் துப்பாக்கிகளை விற்றது.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் உலோகம் யாவும் போர்த் தேவைக்குச் சென்றன. 1942ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உலோக விளையாட்டுப் பொருட் செய்கை நிறுத்தப்பட்டது. போர் முடிந்தபின் பழைய தகர்ப்புத் துப்பாக்கியின் வடிவம் மீண்டும் கடைக்கு வந்தது. ஆனால் அதன் பெயர் மாறியிருந்தது. 'யூ 235 அணுக் கைத்துப்பாக்கி' என்பது அதன் புதுப்பெயர். யுரேனியம் 235 என்பது 1945ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமா நகரை அழித்த குண்டின் உட்பொருள். பல்லாயிரம் உயிர்களைக் குடித்த பொருளின் பெயர், சிறிது காலத்துள் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளிற் பொறிக்கப்பட்டது. அதனைச் செய்தவர் கொடியோரல்லர். வாங்கிக் கொடுத்த தந்தையரும் இரக்கமற்றோரல்லர். அணு என்னும் சொல் அன்று அந்நாட்டிலே புதுமையையும் வெற்றியையும் சுட்டிற்று. ஒரு காலத்தவர் எதனைக் கண்டு மகிழ்ந்தனர், எதனைக் காணத் தவறினர் என்னும் இரண்டையும் அச்சிறு பொருள் ஒருங்கே காட்டுகின்றது.

இதனினும் சிந்தனைக்குரியது பின்னர் நிகழ்ந்தது. போரினால் நலிந்த யப்பானிய விளையாட்டுப் பொருட் கைத்தொழில், வீசப்பட்ட தகரப் பேணிகளையும் பயன்படுத்தி மீண்டும் எழுந்தது. 1950களிலும் 1960களிலும் யப்பானிலிருந்து தகரக் கதிர்த் துப்பாக்கிகள் பெருந்தொகையாக அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாயின. அவற்றுள் அணுவின் பெயர் தாங்கியவையும் இருந்தன. அழிவைக் கண்ட நாடே அப்பெயரை எழுதி, வென்ற நாட்டுச் சிறுவர்க்கு விற்றுப் பிழைக்க நேர்ந்தது.

யப்பானியத் துப்பாக்கிகளின் செய்ம்முறை எளியது. தட்டையான தகரத்தின்மீது விண்மீன்களும் கிரகங்களும் றொக்கற்றுகளும் பல வர்ணங்களில் அச்சிடப்படும். பின்னர் அத்தகடு வெட்டப்பட்டு, இரு பாதிகளாக வளைக்கப்பட்டு, ஒரு பாதியின் நாக்குகள் மறுபாதியின் துளைகளிற் செருகி மடிக்கப்படும். உள்ளே சிறு சில்லொன்று சுழன்று சக்கிமுக்கிக் கல்லில் உராய, செந்நிறச் சாளரங்களினூடாகப் பொறி பறக்கும். அமெரிக்காவின் ஹப்ளி கொம்பனியோ 1954ஆம் ஆண்டளவில் நாகக் கலவையை வார்த்து, செந்நிறப் பிளாஸ்டிக் பிடி பொருத்தி, 'அணுத் தகர்ப்பி' என்னும் கனமான வெடித் துப்பாக்கியைச் செய்தது. இங்கிலாந்தில் 1950ஆம் ஆண்டு தொடங்கிய 'ஈகிள்' சஞ்சிகையின் வீரனாகிய டான் டெயரின் பெயராலும் துப்பாக்கிகள் விற்கப்பட்டன.

இவற்றைச் சேகரிப்போர் எவற்றை நோக்குகின்றனர்? முதலாவது, பொருள் பிற்காலப் போலியா என்பது. தகரத்தின் நாக்குகள் பன்முறை நிமிர்த்தி மடிக்கப்பட்ட தழும்பு இருப்பின், அதனை யாரோ திறந்திருக்கின்றனர் என்பது தெளிவு. இரண்டாவது, மேற்பூச்சு. கறள் பிடித்த துப்பாக்கியைத் தேய்த்துப் புதுவர்ணம் பூசினால் அது அழகு பெறலாம்; ஆனால் சான்று என்னும் தகுதியை இழந்துவிடும். செப்புப் பூச்சை மினுக்க முயல்வோர் பூச்சையே நீக்கிவிடுவதும் உண்டு. உலர்ந்த இடமும் நேர்வெயில் படாத நிழலுமே சிறந்த காவல். பற்றரியால் இயங்குவனவாயின் பற்றரியை அகற்றிவிடல் வேண்டும். அதிலிருந்து கசியும் இரசாயனம் தகட்டை அரித்துவிடும்.

மூன்றாவது, பெட்டி. நத்தார்ப் பண்டிகைக் காலையிற் பரிசைப் பெற்ற சிறுவன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மட்டைப் பெட்டியை எறிந்துவிடுவான். ஆகவே துப்பாக்கியினும் பெட்டி அரிதாயிற்று. பெட்டியோடு கூடியது தனித் துப்பாக்கியைவிடப் பன்மடங்கு விலைபெறும். இங்கே முரண்பாடொன்று எழுகின்றது. சந்தை உயர்த்தி மதிப்பது, எந்தச் சிறுவனும் விளையாடாத துப்பாக்கியை. கடையிலே விலைபோகாது கிடந்ததும், அலுமாரியில் மறந்து விடப்பட்டதும் இன்று முதன்மை பெறுகின்றன. பிடியிலே ஆணியாற் கீறிய பெயருடன், விசை தேய்ந்து, மூக்கு நெளிந்து கிடப்பதோ தாழ்ந்த விலைக்குப் போகின்றது. ஆனால் எதற்காக அப்பொருள் செய்யப்பட்டதோ அந்தப் பணியைச் செய்து முடித்தது பின்னதே அன்றோ?

அறிவுடைய சேகரிப்பாளர் இரண்டையும் வைத்திருப்பர். பழுதற்றது தொழிற்சாலையின் வரலாற்றைச் சொல்லும். தேய்ந்தது பிள்ளையின் வரலாற்றைச் சொல்லும். கீறிய பெயரை அழிக்காது விடுதலே அவ்வரலாற்றுக்குச் செய்யும் மரியாதை. வாஷிங்டன் நகரத்துத் தேசிய வான், விண்வெளி அரும்பொருட்சாலை, உண்மையான விண்கலங்களைப் பேணும் அதே நிறுவனத்திலே பக் றொஜர்ஸ் விளையாட்டுப் பொருள்களையும் பேணி வருகின்றது. விண்ணுக்குச் செல்லுமுன் மனிதன் விண்ணை விளையாடிப் பார்த்தான் என்பதற்கு அவை சாட்சி.

1960ஆம் ஆண்டு மே மாதத்தில் தியோடர் மெய்மன் என்னும் அமெரிக்கர் முதலாவது லேசர்க் கருவியை இயக்கினார். கதைகளிற் சொல்லப்பட்ட ஒளிக்கதிர் ஒருவாறு உண்மையாயிற்று. மறு ஆண்டின் இறுதியில் நியூ யோர்க்கிலே அது நோயாளி ஒருவரின் கண்ணில் விழித்திரைக் கட்டியை நீக்கப் பயன்பட்டது. பின்னர் அதே கதிர் போர்த் தளபாடங்களிலும் இடம்பெற்றது. கருவி எக்கையிற் சேர்கின்றதோ அக்கையின் குணத்தையே அது கொள்ளும். ஐம்பது சதத் துப்பாக்கியோ ஓசையும் பொறியும் தவிர எதனையும் வெளியே விடவில்லை. அதனாற் சுடப்பட்டு விழுந்த தோழர் அனைவரும் மாலையிலே எழுந்து தத்தம் வீட்டுக்கு உணவுண்ணச் சென்றனர்.