அக்கா, இது என்ன பலகாரம்?



சில வருடங்களுக்கு முன் குழுப் பெண்கள் சிலரோடு பார்வைப் பயணமாக குஜராத் போயிருந்தேன். காலையில் தட்டில் மஞ்சளாக, சதுரம் சதுரமாக ஒன்றை வைத்தார்கள். "இட்லியில மஞ்சத்தூள் போட்டுட்டாங்க போல" என்றார் ஒருவர். ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தார். இனிப்பும் புளிப்பும் சேர்ந்த ருசி! "இது டோக்ளா. கடலை மாவைப் புளிக்க வைத்து ஆவியில் வேக வைப்பது" என்று கூட வந்தவர் விளக்கிய பிறகுதான் எல்லோரும் தைரியமாகச் சாப்பிட்டோம். மறுநாள் நாங்களே கேட்டு வாங்கினோம்.

நம் பகுதிக்கு வருபவர்களுக்கும் இதே தயக்கம்தான். திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்கும் மாங்காடு காமாட்சியம்மன் கோயிலுக்கும் எங்கிருந்தெல்லாமோ மக்கள் வருகிறார்கள். நம் தட்டை, சீடை, அதிரசத்தை முதல் முறையாகப் பார்ப்பவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் மனதில் மூன்று கேள்விகள் இருக்கும். இது என்ன? என் உடம்புக்கு ஒத்துக்குமா? எத்தனை நாள் இருக்கும்?

ஒரு ஆடி மாதம் நம் உறுப்பினர் ஒருவர் போட்ட கடையில் நடந்ததைச் சொல்கிறேன். வடக்கே இருந்து வந்த ஒரு அம்மா தட்டை பாக்கெட்டை எடுத்து, "பீநட் இருக்கா?" என்று கேட்டார். நம் அக்கா, "ஆமாம்மா, கடலைதான்" என்றார். அந்த அம்மா பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அக்காவுக்கு மனசே ஆறவில்லை. அவர் போட்டிருந்தது பொட்டுக்கடலையும் கடலைப்பருப்பும்தான். வேர்க்கடலை ஒன்றுகூட இல்லை.

நாம் எல்லாவற்றையும் "கடலை" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் பீநட் என்பது வேர்க்கடலை மட்டும்தான். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் அதைக் கொஞ்சம் சாப்பிட்டாலும் தொண்டை வீங்கி, மூச்சுத் திணறி, உயிருக்கே ஆபத்தாகலாம். அன்று ஒரு வியாபாரம்தான் போனது. வேர்க்கடலை போட்டுவிட்டு "இல்லை" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிறகு விசாரித்தபோது, அந்தத் தட்டை பொரித்தது செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் என்று தெரிந்தது. அதுவும் வேர்க்கடலையில் இருந்து வருவதுதானே! அதையும் சொல்லியாக வேண்டும்.

அதனால் விற்கும்போது இவற்றை மறக்காதீர்கள்:

- பலகாரத்தின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வையுங்கள்.
- எந்த மாவு, எந்தப் பருப்பு, எந்த எண்ணெய் என்று சொல்லுங்கள். வேர்க்கடலை, முந்திரி, பால், கோதுமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.
- ஒரு துண்டு உடைத்து ருசி பார்க்கக் கொடுங்கள். ஆனால் பொருட்களைச் சொன்ன பிறகே கொடுங்கள், குழந்தைகள் என்றால் பெற்றோரைக் கேட்டுக் கொடுங்கள்.
- சூடு நன்றாக ஆறிய பிறகே பாக்கெட் போடுங்கள். இல்லையென்றால் ஆவி உள்ளேயே நின்று நமத்துப்போகும். செய்தித்தாளில் மடிக்க வேண்டாம், மை ஒட்டும்.
- பாக்கெட்டின் மேல் சேர்த்த பொருட்கள், எடை, விலை, செய்த தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், உங்கள் முகவரி, சைவத்துக்கான பச்சைக் குறி, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும்.

"இவ்வளவும் நமக்கு எதுக்கு?" என்று நினைக்காதீர்கள். மணப்பாறை முறுக்கை ஊர் ஊராகக் கொண்டுபோனது ரயில் பயணிகள்தான். ஸ்டேஷனில் வாங்கித் தின்றவர்கள் வீட்டுக்கும் வாங்கிப்போனார்கள், பெயர் பரவியது. 2023இல் அந்த முறுக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020லேயே கிடைத்துவிட்டது. பயணி ஒருவர் நம்பி வாங்கினால், அவர் வழியாக நம் பலகாரமும் நாலு ஊர் போகும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் பலகாரத்தில் சேர்க்கும் எல்லாப் பொருட்களையும் எழுதிக்கொண்டு வாருங்கள். எண்ணெயை மட்டும் விட்டுவிடாதீர்கள். "அக்கா, இது என்ன?" என்று யாராவது கேட்டால், தயங்காமல் முழு பதிலும் சொல்ல நாம் தயாராக இருப்போம்.