வராத காலுக்கு ஒரு பந்தயம்

ஐதராபாத்தில் ஒரு காலத்தில் விசித்திரமான கால்பந்துப் போட்டிகள் நடந்தன. ஒன்றில், பழக்கமில்லாத காலால்தான் பந்தை உதைக்கலாம். இன்னொன்றில் பந்தை உருட்டிக்கொண்டு ஓடவே கூடாது. வந்த வேகத்தில் தட்டிக்கொடுத்துவிட வேண்டும். இந்த விதிகளைப் போட்டவர் சையத் அப்துல் ரஹீம். 1909-இல் பிறந்த பள்ளி ஆசிரியர், தானும் உள்ளூர் அணியில் ஆடியவர். பிறகு ஐதராபாத் நகரப் போலீஸ் அணிக்குப் பயிற்சியாளரானார். அந்த அணி 1950 முதல் 1954 வரை வரிசையாக ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

அந்த முதல் விதி எதற்கு என்று புரிய, குத்தம்பாக்கம் பக்கம் சாயங்காலத் திடல் எதையாவது கொஞ்ச நேரம் வேடிக்கை பாருங்கள். இடப்பக்கம் வந்த பந்தை வலது காலுக்குக் கொண்டுவர ஒரு பையன் இரண்டு எட்டு சுற்றிப் போவான். அதற்குள் எதிராளி தட்டிக்கொண்டு போய்விடுவான். கேட்டால், "லெஃப்ட் வராதுண்ணா" என்பான்.

ஏன் வராது? இடது தொடையில் பலம் குறைவு என்றுதான் தோன்றும். ஆட்டக்காரர்களின் உதையை அளந்து பார்த்தவர்கள் வேறு சொல்கிறார்கள்: தசை வலிமையில் பெரிய வித்தியாசம் இல்லை, கோளாறு நேரக்கணக்கில். நல்ல உதையில் முதலில் இடுப்பு திரும்பும், தொடை முன்னே பாயும். தொடையின் வேகம் தணியும் அந்த நொடித்துணுக்கில் முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி சாட்டைபோல் வீசும். பழகாத காலில் இந்தக் கைமாற்றம் சீராக நடப்பதில்லை. பாதம் பந்தைத் தொடும்போது வேகம் பாதி வழியிலேயே சிதறியிருக்கும்.

இதைவிட வியப்பானது 2003-இல் வெளியான ஒரு நார்வே ஆய்வு. இளம் ஆட்டக்காரர்களில் ஒரு பிரிவினர் எட்டு வாரம் பயிற்சியில் பழகாத காலையே பயன்படுத்தினார்கள். அந்தக் கால் தேறியதில் ஆச்சரியம் இல்லை. பழகிய காலும் சேர்ந்தே தேறியது! இடது கால் உதைக்கும்போது உடல் முழுவதையும் தாங்கி நிற்பது வலது கால்தானே. அதற்கும் அது பாடம். ஒரு கால் கற்ற அசைவின் வரைபடத்தை மூளை மறு காலுக்கும் எடுத்துக்கொள்கிறது என்பது இன்னொரு விளக்கம். ரஹீமிடம் அளவுக் கருவி எதுவும் இல்லை, கண் இருந்தது.

அந்தக் கண் ஆட்களிடமும் வேலை செய்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. அப்போது இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்த ரஹீம் அவரை உட்காரவைக்கவில்லை, முன்னணிக்கு அனுப்பினார். இறுதியாட்டத்தில் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் வளர்ந்த அவரும் முதலில் கோல் அடிக்கும் இடத்தில் ஆடியவர்தான். காய்ச்சலால் முந்தைய ஆட்டங்களில் வெளியே இருந்தவரை ரஹீம் அன்று துணிந்து இறக்கினார். செப்டம்பர் 4, அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல். பி.கே. பானர்ஜி ஒரு கோல், இடம் மாறிப்போன ஜர்னைல் ஒரு கோல். தென்கொரியாவால் ஒன்றுதான் திருப்பித் தர முடிந்தது. ஆசியத் தங்கம் அதற்குப் பிறகு இந்தியக் கால்பந்துக்குக் கிடைக்கவில்லை.