ஆடவிட்டால் மட்டும் போதுமா?

ஏப்ரல் 14, அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள். வலங்கைமான் வட்டாரத்தில் நாம் மாலை போட்டு, இனிப்புக் கொடுத்துக் கொண்டாடுகிறோம். மறுநாள் அமெரிக்காவில் வேறொரு விழா. பிழைக்கப் போன நம் பிள்ளைகள் அன்று அங்கே பேஸ்பால் பார்க்கப் போனால் திகைத்துப் போவார்கள். எல்லா அணியிலும் எல்லா ஆட்டக்காரர்களும் 42 என்ற ஒரே எண் போட்ட சட்டையில் இறங்குவார்கள்.

அது ஜாக்கி ராபின்சனின் எண். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக அவர் களமிறங்கினார். அதற்கு முன் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரிய அணிகள் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. சேர்க்கக் கூடாது என்று விதிப்புத்தகத்தில் ஒரு வரியும் கிடையாது. எழுதாத கட்டுப்பாடு எப்படி வேலை செய்யும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம் நாட்டில் அந்தக் கதவை முன்பே தட்டியவர் பல்வாங்கர் பாலு. செருப்புத் தைக்கும் சமூகத்தில் பிறந்தவர். புனேயில் கிரிக்கெட் மைதானத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்தார். வெள்ளைக்காரர்களுக்குப் பயிற்சிப் பந்து வீசி வீசியே தேர்ந்தார். வெல்ல வேண்டும் என்பதற்காக இந்துக்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தூக்கி எறியும் மண் குவளையில் தேநீர். சாப்பாடும் தனியே. அவர் வீசிய பந்தைத் தொட்டவர்கள் அவர் குடித்த குவளையைத் தொடவில்லை.

1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காகப் பாலு 114 விக்கெட் எடுத்தார். அப்படியும் இந்துக்கள் அணியின் தலைவர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. தம்பிகள் அணியை விட்டு விலகி எதிர்ப்புக் காட்டினார்கள். 1920இல் பாலு துணைத் தலைவரானார். 1923இல்தான் தம்பி விட்டல் தலைவரானார்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஒரு கறுப்பின மேலாளரைப் பார்க்க ஆசை என்று 1972இல் மைதானத்திலேயே சொன்னார் ராபின்சன். சில நாட்களில் இறந்துபோனார். அந்தப் பதவிக்கு முதல் கறுப்பினத்தவர் வந்தது 1975இல்.

ஆக, ஆடவிடுவது ஒரு படி, அதிகாரம் தருவது அடுத்த படி. முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைக்கிறார்கள். ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண்ணைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த செய்தி 2020இல் கடலூர் மாவட்டத்திலிருந்து வந்தது நினைவிருக்கும்.

சம்பா அறுவடை முடிந்ததும் நம் வயல்களில் ஸ்டம்பு நடுகிறோம். பெரும்பாலும் தெருவுக்கு ஒரு டீம். பள்ளியிலோ கல்லூரியிலோதான் இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒன்றாக ஆடுகிறார்கள். அங்கே டீம் போடும்போது மாணவர்கள் கேட்க வேண்டியவை மூன்று. நம் தெருப் பையன் கேப்டனாக முடியுமா? எல்லாரும் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிக்கிறோமா? ஆட்டம் முடிந்து ஒருவர் வீட்டுத் திண்ணையில் இன்னொருவர் உட்கார முடிகிறதா?

மூன்றுக்கும் ஆம் என்று சொல்லும் டீம் உங்கள் பள்ளியில் இருந்தால், அதில் சேருங்கள். இல்லாவிட்டால் நீங்களே தொடங்குங்கள்.