இலவம்பாடி முள் கத்தரிக்காய்: ஜிஐ டேக் எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது?

வேலூர் என்றால் கோட்டை. ஆம்பூர் என்றால் ஷூ, பிரியாணி. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் கத்தரிக்காயைப் பற்றி யாரும் பெருசா பேசுறதில்லை. ஆனால் இந்த ஏரியாவில் கத்தரிக்காயிலும் ஒரு ஸ்டார் உண்டு. வேலூர் மாவட்டம் இலவம்பாடியின் முள் கத்தரிக்காய், 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு, அதாவது ஜிஐ டேக் வாங்கியது.

அப்படி என்ன ஸ்பெஷல்?

பெயரிலேயே இருக்கு. செடியிலும் முள், காயின் காம்பிலும் முள். காட்டுக் கத்தரிகளில் முள் சாதாரணம். பறிக்க வசதியாக முள் குறைந்த ரகங்களைத்தான் மனிதர்கள் அதிகம் வளர்த்தார்கள். இலவம்பாடிக்காரர்கள் முள்ளோடு இருக்கும் காயைக் கைவிடவில்லை.

வேறு எங்காவது இப்படி உண்டா?

தெற்கு இத்தாலியின் ரொட்டோண்டாவில் தக்காளி மாதிரியே இருக்கும் சிவப்புக் கத்தரிக்காய் விளைகிறது. அது ஆப்பிரிக்க வழி வந்த வேறு இனம். 2010-ல் ஐரோப்பிய யூனியன் அதன் பெயருக்குப் பாதுகாப்பு தந்தது.

டேக் வந்தால் என்ன மாறும்?

இந்தியாவின் ஜிஐ சட்டம் 1999-ல் நிறைவேறி, 2003-ல் அமலுக்கு வந்தது. பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. வேறு ஊர்க் காயை இந்தப் பெயரில் விற்றால் சட்ட நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் அதே செடியை வேறு ஊரில் வளர்ப்பதைத் தடுக்க முடியாது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். விவசாயிகளும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்’ எனத் தனியாகப் பதிய வேண்டும்.

எதைக் காப்பாற்றாது?

விலை, விதை, மண் மூன்றையும்.

மார்க்கெட்டில் மற்ற காய்களோடு ஒரே மூட்டையில் கலந்துவிட்டால் டேக் இருந்தும் பயனில்லை. பக்கத்து வயலில் வேறு ரகம் இருந்தால் தேனீக்கள் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும், எடுத்து வைக்கும் விதையில் கலப்பு வரலாம். மண்ணோ இன்னும் பெரிய கவலை. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த இந்த பெல்ட்டில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனதாக ஓர் ஆய்வு சொன்னது. 1996-ல் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் அதைக் குறிப்பிட்டது. ஒரு ஊரின் மண்ணை நம்பித்தான் ஜிஐ கிடைக்கிறது. அந்த மண் கெட்டால் பெயர் மட்டும் சான்றிதழில் மிஞ்சும்.

அடுத்த முறை வேலூர் மார்க்கெட் பக்கம் போனால், “இலவம்பாடிக் காய் இருக்கா?”ன்னு கேட்டுப் பாருங்க. பெயர் சொல்லிக் கேட்க ஆள் இருந்தால்தான் அந்தப் பெயருக்கு விலை கிடைக்கும்.