மன்னார் வெயிலும் இரு அளவைகளும்

மன்னார்த் தீவின் வீடுகளில் இரண்டு வெப்ப அளவைகள் ஒன்றாகக் குடியிருக்கின்றன. வானொலியின் வானிலை அறிக்கை, பகல் வெப்பநிலை 33 பாகை செல்சியஸ் என்று கூறுகிறது. அதே வீட்டில் காய்ச்சலுற்ற பிள்ளையின் வெப்பமானியைப் பார்க்கும் தாய், "நூற்றிரண்டு காய்கிறது" என்கிறாள். அவள் கூறுவது பாரன்ஹீட் கணக்கு. வெயிலுக்கு ஒன்று, உடம்புக்கு மற்றொன்று என்ற இப்பிரிவினை எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று. வரலாறு விட்டுச்சென்ற மிச்சம்.

டான்சிக் நகரிற் பிறந்து ஒல்லாந்தில் வாழ்ந்த கேப்ரியல் பாரன்ஹீட் தமது அளவையை 1724ஆம் ஆண்டில் வெளியிட்டார். பனிக்கட்டி, நீர், நவச்சாரம் ஆகிய மூன்றும் கலந்த கலவையின் குளிர்ச்சியை அவர் பூச்சியமாகக் கொண்டார். வெறும் நீர் உறையும் நிலை 32 ஆயிற்று. சுவீடன் நாட்டு வானியலாளர் ஆண்டர்சு செல்சியஸ் 1742இல் வேறொரு வழி கண்டார். நீரின் உறைநிலைக்கும் கொதிநிலைக்கும் இடையே நூறு பாகைகளை அவர் வகுத்தார். வியப்பு யாதெனில், கொதிநிலைக்கே அவர் பூச்சியத்தை அளித்திருந்தார். அதனைத் தலைகீழாக மாற்றியவர்கள் பின்வந்தோர். ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கையின் வானிலைப் பதிவுகள் பாரன்ஹீட்டிலேயே எழுதப்பட்டன. அவ்வாங்கிலேயரே 1962 ஜனவரியில் தம் நாட்டு வானிலை அறிவிப்புகளிற் செல்சியஸைப் புகுத்தினர். இலங்கையும் 1970களில் மெற்றிக் முறைக்குத் திரும்பியது. அமெரிக்க மக்களோ இன்றும் பாரன்ஹீட்டை விட்டாரில்லை.

பாரன்ஹீட்டை விரும்புவோர் கூறும் நியாயம் ஒன்றுண்டு. பூச்சியம் என்றால் கடுங்குளிர், நூறு என்றால் கடும் வெப்பம். மனிதன் உணரும் வானிலை முழுவதும் இவ்விரண்டுக்குள் அடங்கிவிடுகிறது என்பர். இது பனி பெய்யும் நாட்டார் வாதம். மன்னாரில் நீர் உறைவதுமில்லை. பாரன்ஹீட்டின் பூச்சியத்தை எவரும் கண்டதுமில்லை. ஆயினும் அவர்தம் வாதத்தின் இன்னொரு பகுதி இங்கே பொருந்துகிறது. மன்னாரின் வெப்பநிலை ஆண்டின் பெரும்பகுதியில் ஏறத்தாழ 22 முதல் 35 பாகை செல்சியஸுக்குள் நின்றுவிடும். வாடைக்காற்றின் குளுமை, சித்திரை வெயில், சோளகக் காற்றின் வறட்சி அனைத்தையும் பதின்மூன்று பாகைகளுக்குள் சொல்லியாக வேண்டும். பாரன்ஹீட்டில் இதே இடைவெளி 72 முதல் 95 வரை, இருபத்துமூன்று பாகைகளாக விரிகிறது. சிறுபடிகள் கொண்ட ஏணி அது. எனினும் ஒரு தசமத்தானம் சேர்த்துச் சொன்னால் செல்சியஸும் அந்நுட்பத்தைப் பெற்றுவிடும். அதற்காக அளவையையே மாற்றவேண்டியதில்லை.

உண்மையான இடர் இரண்டு அளவைகளும் ஒன்றோடொன்று பேசாமல் இருப்பதிலேதான் உள்ளது. உடம்பின் இயல்பான வெப்பம் 98.6 பாகை பாரன்ஹீட் என்பதை அறிந்தவர் பலர். அதுவே செல்சியஸில் 37 என்பதை உடனே கூறக்கூடியவர் சிலரே. காற்றின் வெப்பம் அந்த 37ஐ நெருங்கும்போது, காற்று உடம்பைக் குளிர்விப்பது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. வியர்வை ஆவியாதல் ஒன்றே துணை. உடம்பின் உள்வெப்பம் 40 பாகை செல்சியஸை, அதாவது 104 பாரன்ஹீட்டைத் தாண்டினால் உயிராபத்து. உப்பளத்தில் உப்பு வாருபவருக்கும், பேசாலையிலும் வங்காலையிலும் கருவாடு உலர்த்தும் பெண்களுக்கும் இவ்வெண்கள் ஏட்டுக்கணக்கல்ல.

அவர்கள் அறிய வேண்டியது இன்னுமொன்று உண்டு. அறிவிக்கப்படும் வெப்பநிலை, காற்றுப் புகும் வெண்ணிற மரப்பெட்டியின் நிழலில் அளக்கப்படுவது. வெயிலில் நிற்பவர் மீது விழும் சூடு அதில் இல்லை. காற்றின் ஈரப்பதனும் அதில் இல்லை. வறண்ட காற்றில் மண்பானை நீர் நன்கு குளிர்கிறது. ஈரம் மிகுந்த கடற்காற்றில் அவ்வளவாகக் குளிர்வதில்லை. வியர்வைக்கும் விதி அதுவே. இதனாலேயே வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பநிலையையும் ஈரப்பதனையும் சேர்த்துக் கணித்த வெப்பச் சுட்டெண்ணை எச்சரிக்கையாக வெளியிடுகிறது. மன்னார் மாவட்டமும் அதில் இடம்பெறுவதுண்டு. அச்சுட்டெண் 40 என்றால் காற்று 40 பாகையில் உள்ளது என்பதன்று. உடம்பு உணர்வது அவ்வளவு என்பதே பொருள்.

மாற்றும் வழி எளிது. செல்சியஸ் எண்ணை இரட்டித்து, வந்ததிற் பத்திலொன்றைக் கழித்து, 32ஐக் கூட்டினாற் பாரன்ஹீட் கிடைக்கும். 30ஐ இரட்டித்தால் 60. ஆறு கழிய 54. முப்பத்திரண்டு கூட 86.

ஆனால் கடல்நீர் 1 பாகை செல்சியஸ் சூடேறியது என்ற செய்தி வரும்போது 32ஐக் கூட்டலாகாது. அது உயர்வு; நிலையன்று. ஆகவே விடை 1.8 பாகை பாரன்ஹீட் மட்டுமே. சிறிதெனத் தோன்றும் இவ்வுயர்வு, கோடையின் வழமையான உச்சத்திற்கு மேலாகச் சில கிழமைகள் நீடித்தாற் பவளம் தன்னுள் வாழும் நுண்பாசிகளை இழந்து வெளிறிப்போகிறது. மன்னாருக்குத் தெற்கே கற்பிட்டிக் கடலின் பவளப்பார்கள் 1998இலும் 2016இலும் இவ்வாறே வெளிறின.