காவல் தளர்ந்தால் முளைக்கும் பூஞ்சை

ஈரத்தில் கிடந்த நிலக்கடலையில் பச்சையாகப் பூசணம் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை. நுண்ணோக்கியில் புனித நீர் தெளிக்கும் கருவிபோல் தெரிந்ததால், 1729இல் இத்தாலியத் தாவரவியல் அறிஞர் மிக்கேலி இப்பெயரிட்டார்.

இதன் வித்துகளை நாம் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் சுவாசிக்கிறோம். ஆயினும் நோய் வருவதில்லை, ஏன் தெரியுமா? நுரையீரலில் காவல் காக்கும் விழுங்கணுக்கள் அவற்றை அழித்துவிடுகின்றன.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் நோயாளியின் நிலை வேறு. கடும் கோவிட் நோய் அவரது மூச்சுக்குழாய்ச் சவ்வைச் சிதைத்திருக்கலாம். அந்நோய்க்குத் தரும் ஸ்டீராய்டு உயிரையும் காக்கும். உடலின் காவலையும் தளர்த்தும். அப்போது வித்து முளைத்து, இழைகள் இரத்தக் குழாய்களைத் துளைக்கும். அறிகுறிகளோ பழைய நோயைப் போலவே இருக்கும். எனவே மருத்துவர்கள் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் காலக்டோமன்னன் என்னும் பூஞ்சைச் சர்க்கரையைத் தேடுகின்றனர். காலத்தில் கண்டறிந்தால் வோரிகோனசோல் போன்ற மருந்தால் பூஞ்சையை அடக்கலாம். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.