மலையிறங்க கியர்தான் பிரேக்



வங்கி வேலையில் ஓய்வு பெற்று, கொல்லிமலையில் மிளகு, காபி, வாழை என்று தோட்டம் பார்க்க ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகிறது. மண், விதை பற்றி எழுத இங்கே அனுபவசாலிகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் வண்டியைப் பற்றி எழுதுகிறேன். என்னைப் போல சமவெளியில் ஓட்டிப் பழகிவிட்டு மலைக்கு வந்தவர்களுக்கு இது உதவும்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே வர 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல் வருஷம், பிக்கப் வண்டியில் பலாப்பழ லோடு ஏற்றிக்கொண்டு இறங்கினேன். டீசல் மிச்சமாகட்டுமே என்று நியூட்ரலில் போட்டு, பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தேன். பத்துப் பன்னிரண்டு வளைவு தாண்டியதும் கருகல் வாடை. அடுத்த வளைவுக்கு முன்னால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது, வேகம் குறையவில்லை. பக்கத்தில் இருந்த உள்ளூர்த் தம்பி, "சார், ரெண்டாவது கியர் போடுங்க! மலைப்பக்கமா ஒட்டுங்க!" என்று கத்தினார். கியர் விழுந்ததும் இஞ்சின் உறுமி வண்டியை இழுத்துப் பிடித்தது. ஓரத்து மண்மேட்டில் உரசி நின்றோம். கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை. அவர் இறங்கி சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுச் சொன்னார்: "எந்த கியர்ல ஏறுனீங்களோ, அந்த கியர்லதான் சார் இறங்கணும்."

அன்றைக்கு நடந்தது இதுதான். விடாமல் மிதித்தால் பிரேக் கொதிக்கிற சூடாகிறது. கட்டையின் பிடிப்பு குறைகிறது. சூடு ஏறி பிரேக் ஆயிலில் ஆவிக்குமிழ் உண்டானால், மிதிக்கிற அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. கியரில் இருந்தால் சக்கரம் இஞ்சினைச் சுற்ற வேண்டியிருக்கும். அந்தச் சுமையே வண்டியைக் கட்டுப்படுத்தும், பிரேக்குக்கு வேலை குறையும்.

டீசல் கணக்கும் தப்பு. இப்போதைய வண்டிகளில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இஞ்சின் ஓட டீசல் செலவாகிறது. இஞ்சினையே அணைத்தாலோ பவர் பிரேக், பவர் ஸ்டீயரிங் உதவி போய்விடும்.

தோட்டத்து மண் பாதையில் நான் கடைப்பிடிப்பவை:

1. செங்குத்துச் சரிவு என்றால் முதலில் இறங்கி நடந்து பார்ப்பேன். கல், பள்ளம், ஈரம் எங்கே என்று தெரிந்துகொண்டுதான் வண்டியை எடுப்பேன்.

2. சரிவு தொடங்கும் முன்பே முதல் கியர். நாலு சக்கர இழுவை உள்ள வண்டி என்றால் 'ஃபோர் லோ'. பாதி வழியில் கிளட்ச்சில் கால் வைப்பதில்லை.

3. நேராக ஏறணும், நேராக இறங்கணும். சரிவுக்குக் குறுக்கே போனாலோ நடுவில் திருப்பினாலோ வண்டி கவிழும். லோடு உயரமாக இருந்தால் ஆபத்து அதிகம்.

4. ஏறும்போது இஞ்சின் நின்றுவிட்டால் பதறக் கூடாது. கால் பிரேக்கும் ஹேண்ட் பிரேக்கும் போட்டு, ஸ்டார்ட் செய்து, ரிவர்ஸ் கியரில் வந்த வழியே நேராகப் பின்னால் இறங்க வேண்டும்.

5. குறுகலான மலை ரோட்டில் மேலே ஏறி வருகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. இது சாலை விதி. இறங்குகிறவர் ஒதுங்கி நிற்கணும்.

போன பொங்கலுக்கு என் மகன் புதுக் காரில் வந்தான். "அப்பா, குரூஸ் கன்ட்ரோல் போட்டா அதுவே ஸ்பீடைப் பாத்துக்குமே?" என்றான். நல்ல கேள்வி. ரால்ப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கியது அது. அவர் பார்வையற்றவர். 1958இல் கிறைஸ்லர் நிறுவனக் கார்களில் வந்தது. நீளமான, நெரிசல் இல்லாத நெடுஞ்சாலையில் காலுக்கு ஓய்வு. சேலம் நாலு வழிச் சாலையில் தாராளமாகப் போடலாம்.

ஆனால் சாதாரண குரூஸ் கன்ட்ரோலுக்கு ஆக்சிலேட்டரைக் கூட்டவும் குறைக்கவும் மட்டும்தான் தெரியும். இறக்கத்தில் வண்டி தானாக வேகமெடுத்தால் அதனால் பிரேக் போட முடியாது. பிரேக் போடுகிற புது வகைகளையும் வளைவு நிறைந்த மலை ரோட்டில் நம்பக் கூடாது. ஈரத்தில் சக்கரம் வழுக்கும்போதும் இது வேகத்தைப் பிடிக்கவே பார்க்கும். அதனால் மலையடிவாரத்திலேயே அணைத்துவிட வேண்டும். சில வண்டிகளில் இருக்கும் 'ஹில் டிசென்ட் கன்ட்ரோல்' வேறு. அது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தானே பிரேக் கொடுத்து மெதுவாக இறக்கும். அதுவும் துணைதான், கியருக்கு மாற்று இல்லை.

கடைசியாக மண்ணுக்கு வருகிறேன். மழை பெய்த மறுநாள் சரிவில் சக்கரத்தைச் சுழலவிட்டால் மேல்மண் கிழிந்துவிடும். சக்கரத் தடமே அடுத்த மழைக்கு ஓடையாகிறது. அதனால் ஈரம் காயும்வரை வண்டியை எடுப்பதில்லை. எருவையும் இப்போது தோட்டத்திலேயே தயாரிக்கிறேன். லோடு குறைந்தது, நடை குறைந்தது. அந்தத் தம்பிதான் இப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார். இறக்கம் வந்தால் இன்றைக்கும் என் கையைத்தான் பார்க்கிறார், கியர் மாற்றினேனா என்று.